இறந்தவர் முதலிடம் பெறுவது குறித்து

எங்கள் வட்டத்தில் பரிசு கிடையாது. கோப்பை கிடையாது, சான்றிதழ் கிடையாது, மேடை கிடையாது. வெறும் நட்புக்காக இணையத்தில் நடத்தப்படும் போட்டி. அதனால்தான் அதன் விதிமுறை முப்பத்தெட்டுப் பக்கம் வருகிறது.

போட்டி இதுதான். மாதம் ஒரு சொல் கொடுக்கப்படும். அந்தச் சொல்லை விடையாக ஒளித்துவைத்து, குறுக்கெழுத்துப் புதிருக்கான குறிப்பாக ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மேலாகப் படித்தால் தோட்டத்தையோ மாமியாரையோ பற்றிய சாதாரண வாக்கியம். எழுத்துகளைப் பிரித்துக் கோத்தால் உள்ளே விடை. மேலே தெரிவதை மேற்பொருள் என்போம். அது வெறும் ஏமாற்று, அதை நம்புகிறவன் மடையன். எங்கள் வித்தையின் முதல் பாடம் அது.

இங்கிலாந்து முழுக்க அறுபது பேர் இருக்கிறோம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆளுக்கொரு புனைபெயர், என் பெயர் நொண்டிக்கொக்கு. ஒருவரையொருவர் 'நண்பரே' என்று அழைத்தே தீர வேண்டும். போன வருடம் ஒருவர் 'அன்புள்ள' என்று தொடங்கிக் கடிதம் போட்டதற்காக ஒரு மாதம் விலக்கிவைக்கப்பட்டார். அன்பு என்பது நட்பின் எல்லையைத் தாண்டுவது என்று தீர்ப்பில் இருந்தது.

முதலிடம் பிடிப்பவர் அடுத்த மாதத்துக்கு நடுவராக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுவரானால் வந்த குறிப்புகள் அத்தனைக்கும் தலா நாற்பது சொல்லில் கருத்து எழுத வேண்டும். எழுதியபின் அத்தனை பேரின் மனஸ்தாபத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலிடத்தைத் தொடமாட்டார்கள். அவர்கள் குறி இரண்டாமிடம். அருமையான குறிப்பு எழுதி, குழந்தைக்குத் திருஷ்டிப்பொட்டு வைப்பதுபோல் ஓரத்தில் ஒரு சின்னக் குறை வைத்து அனுப்புவார்கள். எங்களில் மூத்தவரான துருப்பிடித்த ஆணி பதினோரு முறை இரண்டாமிடம் பெற்றவர். அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

அக்டோபரில் எனக்குக் காய்ச்சல். பொட்டு வைக்க மறந்துவிட்டேன். முதலிடம் வந்து விடிந்தது. அப்படித்தான் நவம்பர் மாதத்துக்கு நான் நடுவரானேன்.

அந்த மாதச் சொல் 'தலையணை'. நாற்பத்தொரு குறிப்புகள் வந்தன. நடுவர் கண்ணுக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது நட்பு அலுவலர் ரோசலிண்ட் டால்பிக்கு மட்டுமே தெரியும். அவர் முன்னாள் தலைமையாசிரியை. நாங்கள் எல்லோரும் இன்னும் அவர் பள்ளியில்தான் படிக்கிறோம் என்று நினைப்பு.

இருபத்துமூன்றாம் எண்ணைப் படித்தபோது கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். முப்பது வருடம் எடைக்கல்லும் படியும் சோதித்த அரசாங்க ஆய்வாளன் நான், சுலபத்தில் மயங்குகிறவன் இல்லை. அதில் பொட்டும் இல்லை, பூச்சும் இல்லை. யாரோ இரண்டாமிடத்தைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியிருந்தார். அன்றைக்கே அதற்கு முதலிடம் என்று குறித்துவைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை, போட்டிக் குறிப்புகளைப் பதிவிடும் பக்கத்தில் இப்படி ஒன்று வந்தது:

'வணக்கம். என் கணவர் ஹெட்லி செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். உங்கள் போட்டிக்கு ஏதோ அனுப்பியிருந்தார். அது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். அடுத்த வெள்ளி தகனம். மேவிஸ் ஸ்டபிங்ஸ், கிரிம்ஸ்பி.' கீழே ஒரு தொலைபேசி எண்.

அந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் குறிப்பு. எனவே இதற்கும் நாற்பத்திரண்டு என்று எண் விழுந்தது. கால்மணி நேரத்தில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மேற்பொருள் அபாரம், நண்பரே! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா விடை எங்க?" என்றார் துருப்பிடித்த ஆணி.

"இறந்துட்டாருன்னா ஏதோ ஒரு எழுத்தை வெளிய எடுக்கணும்னு அர்த்தம். அது சரி. 'செவ்வாய்க்கிழமை' எதுக்கு? வீண் சொல்" என்றார் கிழட்டுநரி.

"ஒரே வாக்கியம்தான் இருக்கணும். இதுல அஞ்சு இருக்கு" என்றார் இன்னொருவர்.

கிழட்டுநரி விடவில்லை. இரண்டு மணி நேரம் போராடி, ஹெட்லியைத் தலைகீழாக்கி, தகனத்தில் பாதியைக் கழித்து, அதிலிருந்து 'தலையணை'யை வெளியே எடுத்துவிட்டார். பதினேழு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். தொலைபேசி எண்ணைத்தான் யாராலும் விடைக்குள் பொருத்த முடியவில்லை. அது நேர்மையற்ற உத்தி என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

மறுநாள்தான் அது நிஜமான சாவு என்று ரோசலிண்ட் கண்டுபிடித்தார். ஹெட்லி ஸ்டபிங்ஸ் என்பவர் எங்கள் ஈரக்கையுறை. பதினாறு வருட உறுப்பினர். ரோசலிண்ட் அந்தப் பெண்மணிக்கு உடனே பதில் அனுப்பினார். 'நண்பரே, உங்கள் இழப்பில் பங்குகொள்கிறோம். பங்கேற்றவர் யார் என்பதை முடிவுக்கு முன் வெளியிட்டதன் மூலம் நீங்கள் ஏழாம் விதியை மீறியுள்ளீர்கள். இது முதல் முறை என்பதால் எச்சரிக்கையோடு விடுகிறோம். முடிவுகள் டிசம்பர் ஒன்றாம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு.'

அன்று மாலை என் தொலைபேசி அடித்தது. நடுவர் பெயரும் எண்ணும் பக்கத்தில் பகிரங்கமாக இருக்கும், புகார் சொல்ல வசதியாக.

"ஆம்ப்ரோஸ்ங்கிறது நீங்கதானா, கண்ணு? நான் மேவிஸ். கிரிம்ஸ்பியில இருந்து."

அவர்கள் ஊரில் கசாப்புக்கடைக்காரரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வருத்தம் தெரிவித்தேன்.

"அந்தம்மா ஏதோ எச்சரிக்கை விட்டுருக்காங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்னே புரியல. எனக்கு இந்தப் புதிரெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்துல சமையல் பண்ணினவ நான். அவரு மீன்பிடித் துறைமுகத்துல மீன் அறுக்கறவரு. நாப்பத்தொரு வருஷம். அந்த மனுஷன் பேசவே மாட்டாரு. 'டீ', 'மழை வருது', 'வரேன்'. அவ்வளவுதான் பேச்சு."

"ம்."

"ஆஸ்பத்திரியில மூணு வாரம். மூச்சே விட முடியல, ஆனா ஒரு துண்டுக் காகிதத்த வச்சுக்கிட்டு எழுதறதும் அடிக்கறதும். என்னப் பாக்கறாரு, எழுதறாரு. திரும்பப் பாக்கறாரு, அடிக்கறாரு. என்னய்யா எழுதறேன்னு கேட்டா, 'போட்டி. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, விதி'ங்கறாரு. நர்ஸோட போன்ல தட்டி அனுப்பிட்டு, காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டாரு. அதுவும் விதியாம்."

உண்மைதான். விதி ஒன்பது.

"அது என்னப் பத்தியான்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம். என்னப் பத்தின்னா, வெள்ளிக்கிழமை அவரை அனுப்பறதுக்கு முன்னாடி தெரியணும். ஒரு வரிதானே, கண்ணு?"

மீன் அறுப்பவர் என்று அவள் சொன்ன நொடியிலேயே எனக்கு இருபத்துமூன்று என்று தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்து நின்றது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நடுவருக்குப் பேரெல்லாம் தெரியாதுங்க. எண் மட்டுந்தான்."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"நான் பேசிப் பாக்கறேன்."

பேசினேன். திங்கட்கிழமை திரையில் அவசரக் கூட்டம் கூடியது. நான், ரோசலிண்ட், தலைவர் பெரெக்ரின் லாஃப்டஸ். லாஃப்டஸ் ஏதோ ஓர் அரசுத் துறையில், 'உங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அனுப்பும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். ஒரு கடிதமும் பரிசீலனையிலிருந்து வெளியே தப்பியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

என் முடிவுத்தாளை முன்பே அனுப்பியிருந்தேன். ரோசலிண்ட் அதைப் பெயர்களோடு ஒத்துப் பார்த்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நடுவர் முதலிடம் கொடுத்திருக்கறது இறந்தவருக்கு, நண்பரே" என்றார்.

லாஃப்டஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரணத்தை நான் எதிர்க்கல, நண்பர்களே. அது அவரவர் சொந்த விஷயம். ஆனா விதி பதினொண்ணப் பாருங்க. முதலிடம் வந்தவரு அடுத்த மாசம் நடுவரா இருந்தாகணும். உடம்பு சரியில்லன்னா ஒரு வாரம் தள்ளிப் போடலாம்னு இருக்கு. இத உடம்பு சரியில்லாததா எடுத்துக்கலாமா?"

"ஒரு வாரத்துல சரியாகற மாதிரி தெரியல, நண்பரே" என்றார் ரோசலிண்ட், முழு அக்கறையோடு.

"வாரிசு?"

"மனைவி இருக்காங்க."

"அப்ப டிசம்பர் குறிப்பையெல்லாம் அவங்களுக்கு அனுப்பி வைப்போம். நாப்பது குறிப்பு, தலா நாப்பது சொல்லு. துக்கத்துல இருக்கறவங்க மனசத் திருப்ப இத விட நல்ல வழி உண்டா? இந்த வட்டம் அவங்கள அணைச்சுக்கற மாதிரி இருக்கும்."

அந்தம்மாவுக்குப் புதிர் தெரியாது என்றேன். அப்படியானால் வாரிசும் தகுதியிழப்பு என்று குறித்துக்கொண்டார்.

"இரண்டாமிடம் கொடுத்துடலாமே?" என்றேன்.

திரையில் இருவரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தேவாலயத்தில் எச்சில் துப்பியவனை அப்படித்தான் பார்ப்பார்கள். ரோசலிண்ட் மெதுவாகச் சொன்னார்: "நண்பரே, உயிரோட இருக்கற எத்தனையோ பேரு அதுக்காக வருஷக்கணக்கா உழைக்கறாங்க. அத அனுபவிக்க முடியாத ஒருத்தருக்குக் கொடுக்கறது விரயம் இல்லையா?"

கடைசியில் 'போட்டிக்கு வெளியே, நட்புடன் குறிப்பிடத்தக்கது' என்று ஒரு புதிய இடம் உண்டாக்கப்பட்டது. அதற்கு ஒரு துணைவிதியும் எழுதப்பட்டது. முதலிடம் அடுத்தவருக்கு நகர்ந்தது. அவர் துருப்பிடித்த ஆணி. செய்தி போனதும், தனக்கு ஏன் இந்தத் தண்டனை, பதினோரு முறை மானத்தோடு இரண்டாமிடம் வாங்கியவனுக்கு இந்த வயதில் இந்த அவமானம் தேவையா என்று நான்கு பக்கம் எழுதினார். அவருடைய வேதனையைக் கூட்டம் கனத்த மனத்தோடு பதிவுசெய்தது.

பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மா கேக்கறது இடமே இல்ல. அந்த ஒரு வரி. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி."

"ஒண்ணாந்தேதி பன்னெண்டு மணி" என்றார் லாஃப்டஸ்.

"தகனம் இருபத்தேழு."

"தேதிய நாம வைக்கலையே, நண்பரே. ஒருத்தருக்கு முன்னாடியே சொன்னா மத்த நாப்பது பேருக்கும் துரோகம்."

"மத்த நாப்பது பேரும் உயிரோட இருக்காங்க."

"அதுதான் சமத்துவம்! உயிரோட இருக்கறது, இல்லாதது, இத வச்சு நாம யாரையும் வித்தியாசமா நடத்தறதில்ல." அவர் குரல் தழுதழுத்தது, தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போன மனிதனின் குரல். "அதோட இன்னொண்ணு. அந்தம்மா அந்தக் குறிப்புல தன்னத் தேடறாங்க. மேற்பொருளுக்கு அர்த்தமே கிடையாதுன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. ஒரு விதவை பொய்யான நம்பிக்கைல ஏமாந்து போறதுக்கு நாம துணை போகலாமா? சொல்லாம இருக்கறதுதான் நட்பு. ஏற்கறவங்க கை தூக்குங்க."

இரண்டு கைகள் எழுந்தன. மூன்றாவது என்னுடையது. ஏன் தூக்கினேன்? யாரும் மிரட்டவில்லை. ஊதியம் பறிபோகாது, வீடு பறிபோகாது. மாதம் ஒருமுறை 'நண்பரே' என்று கூப்பிட அறுபது பேர் இருக்கிறார்கள், அவர்களையும் விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. இதைவிட மரியாதையான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரோசலிண்டும் நானும் வட்டத்தின் சார்பில் தகனத்துக்குப் போனோம். நான் வசிக்கும் லிங்கன் நகரிலிருந்து கிரிம்ஸ்பிக்கு ஒரு மணி நேரப் பயணம், வழியெல்லாம் மழை. போகும் முன் இருபத்துமூன்றாம் எண்ணை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கப்போவதில்லை என்றால் எதற்காக எடுத்துப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தகன மண்டப வாசலில் மேவிஸ் நின்றிருந்தாள். குட்டையான பெண், ஆணுடைய மழைக்கோட்டு போட்டிருந்தாள். கைகள் வெளியே தெரியவில்லை. பின்னால் வண்டியில் பெட்டி இருந்தது, இன்னும் இறக்கவில்லை. துறையில் வேலைபார்த்த பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் சுவரோரம் ஒண்டி நின்றார்கள்.

"ஆம்ப்ரோஸ்தானே? தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ரொம்ப நல்லது, கண்ணு" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரிஞ்சுதா?"

ரோசலிண்ட் என் முழங்கையை ஒட்டி நின்றார்.

"ஒண்ணாந்தேதி வந்துடும், மேவிஸ்."

"உள்ள கொண்டு போறதுக்குள்ள சொல்லுங்க. காதுல சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"விதி இருக்குங்க."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கடைக்காரர் இல்லை என்று சொல்லும் பொருள் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் தெரியும்போது பார்ப்பது போன்ற பார்வை. பிறகு பெட்டியைத் தூக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

உள்ளே ரோசலிண்ட் அஞ்சலி வாசித்தார். "நண்பர் ஈரக்கையுறை பதினாறு ஆண்டுகளில் நூற்றுத்தொண்ணூறு குறிப்புகள் அளித்தார். மூன்று முறை பாராட்டப்பட்டார். வீண் சொல் சேர்த்ததாக நான்கு முறை மட்டுமே கண்டிக்கப்பட்டார்." துறைக் கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆள் மாறிப்போன தகனத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மேவிஸ் கடைசியாகப் பெட்டியின் அருகே போய் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் கிடைக்காமல் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டிக்கு முன் திரை மூடியது.

ஒன்றாம் தேதி காலையில் மீண்டும் காரை எடுத்தேன். தபாலில் அனுப்பினால் போதும் என்று வட்டம் சொல்லியிருந்தது. நான் நேரில் கொடுக்கிறேன் என்று அனுமதி வாங்கினேன். ஆமாம், அனுமதி வாங்கினேன்.

அவள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று இருபது. காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் மேவிஸ் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"உள்ள வாங்க, குளிருது. டீ போடறேன்."

"பன்னெண்டு ஆகட்டும்" என்றேன்.

அவள் என் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். நாற்பது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் கழித்துக் கதவைத் தட்டி அட்டையைக் கொடுத்தேன்.

அதில் இருந்தது இதுதான்: 'கையில் மீன் வாடையோடு வந்தவனை ஒருநாளும் தள்ளிப் படு என்று சொல்லாதவள்.'

அவள் வாசற்படியிலேயே நின்று படித்தாள். உதடு அசைய, இன்னொரு முறையும் படித்தாள். நான், எந்தச் சொல்லைப் பிரித்து எதைக் கழித்தால் தலையணை வருகிறது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க, கண்ணு."

நிறுத்தினேன்.

"என்ன தேய்ச்சுக் கழுவினாலும் அந்த வாடை போகாது. எலுமிச்சம்பழத்த வச்சுத் தேய்ப்பாரு பாவம். எனக்கு வாடையே தெரியாத மாதிரி நாப்பத்தொரு வருஷம் நடிச்சேன். அவரு நம்பிட்டாருன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்." அட்டையால் மூக்கைத் துடைத்துக்கொள்ளப் போனவள் சட்டென்று அதைப் பத்திரமாக மார்போடு பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை இது உங்ககிட்ட இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சட்டைப்பையில இருந்துச்சு."

"நான் வந்து கேட்டப்ப?"

"ஆமா."

"அப்ப அவரு அங்கதானே இருந்தாரு. எனக்கும் அவருக்கும் நடுவுல நாலடி." அட்டையைத் திரும்பவும் பார்த்தாள். "பதில் சொல்லியிருப்பேனேய்யா அவருக்கு."

கதவு சாத்தப்பட்டது. வேகமாகக்கூட இல்லை. தூங்குகிறவர் இருக்கும் வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினாள்.

நான் இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்தபோது ரோசலிண்ட் அழைத்தார்.

"கொடுத்தாச்சா, நண்பரே?"

"கொடுத்தாச்சு."

"பன்னெண்டு மணிக்கு அப்புறம்தானே?"

"அப்புறம்தான்" என்றேன். நல்லது, குறித்துக்கொள்கிறேன் என்றார்.